1984 டைகர்ஸ் அணியின் கையெழுத்துகளைத் துரத்திய கதை

1984இல் டெட்ராய்ட் டைகர்ஸ் பேஸ்பால் அணிக்குப் பந்து வீசிய அவுரேலியோ லோபஸின் பெயர் அந்த ஊருக்கு வெளியே இன்று பலருக்குத் தெரியாது. ஆனால் என் சேகரிப்பில் அதிகப் பணத்தைத் தின்றது அவருடைய கையெழுத்துதான். பேஸ்பாலின் உயரிய கௌரவப் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கும் ஆலன் டிராமல், ஜாக் மாரிஸ் இருவரின் கையெழுத்துக்கும் கொடுத்த பணத்தைக் கூட்டினாலும் லோபஸுக்குக் கொடுத்ததில் பாதிகூட வராது. ஒரு அணியில் ஆடிய அத்தனை பேரிடமும் ஆட்டோகிராப் வாங்க வேண்டும் என்று கிளம்புகிறவர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எனக்கும் சொல்லவில்லை. சில வருடங்களும் கணிசமான டாலர்களும் போன பிறகு, இதே வேலையில் இறங்க நினைக்கும் வேறு யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

மிச்சிகனில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை. மதிய உணவு நேரத்தில் பேஸ்பால் பேச்சு தவிர வேறு எதுவும் ஓடாது. ஓய்வுபெறும் வயதில் இருந்த ஒரு சகா 1984 அணியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். முதல் 40 ஆட்டங்களில் 35 வெற்றி. ஏப்ரல் 7ஆம் தேதி சிகாகோவில் மாரிஸ் பந்து வீசி, எதிரணியை ஒரு ஹிட்கூட அடிக்க விடாமல் முடித்த ஆட்டம். முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை பட்டியலில் முதலிடம், மொத்தம் 104 வெற்றி, சாம்பியன் யார் என்று முடிவு செய்யும் உலகத் தொடரில் சான் டியேகோவை நான்குக்கு ஒன்று என்று தோற்கடித்தது. ஐந்தாவது ஆட்டத்தில் கிர்க் கிப்சன் பந்தை வேலிக்கு வெளியே அடித்த ஹோம் ரன்னை அவர் நாற்காலியை விட்டு எழுந்து நடித்தே காட்டுவார். கேட்டுக் கேட்டு, பழைய ஒளிப்பதிவுகளைப் பார்த்துப் பார்த்து, நான் இந்த நாட்டுக்கு வருவதற்குப் பல வருடம் முன்பு ஆடி முடித்த ஒரு அணி என் அணியாகிவிட்டது. 2014 ஜூன் 30 அன்று அந்த அணியின் 30ஆம் ஆண்டு விழாவுக்கு டைகர்ஸின் மைதானமான கொமெரிகா பார்க் போயிருந்தேன். அன்றைக்கே ரஜாய் டேவிஸ் கடைசி இன்னிங்ஸில் கிராண்ட் ஸ்லாம், அதாவது ஒரே அடியில் நான்கு ரன் தரும் ஹோம் ரன், அடித்து ஆட்டத்தை முடித்தார். வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் இந்த ஆசை பிடித்தது.

முதலில் செய்ய வேண்டிய வேலை, "எல்லாரும்" என்றால் யார் என்று முடிவு செய்வது. அந்தக் காலத்தில் ஒரு அணியில் ஒரே சமயத்தில் 25 பேர். ஆனால் காயம், மாற்றல், செப்டம்பரில் கூப்பிடப்படும் இளைஞர்கள் என்று வருடம் முழுவதும் சேர்த்தால் முப்பதைத் தாண்டிவிடும். நெல்சன் சிம்மன்ஸ், ஸ்காட் ஏர்ல், மைக் லாகா, ராஜர் மேசன் போன்றவர்கள் அந்த வருடம் ஒரு சில ஆட்டங்களே ஆடியவர்கள். கார்ல் வில்லிஸை இன்று பலருக்குப் பந்துவீச்சுப் பயிற்சியாளராகத்தான் தெரியும், அந்த அணியில் இருந்தார் என்பது நினைவிருக்காது. பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் அந்த வருடத்துப் பக்கத்தைத் திறந்து, ஒரு பந்தாவது வீசியவர், ஒரு முறையாவது மட்டை பிடித்தவர் எல்லோரையும் எழுதிக்கொண்டேன். பயிற்சியாளர்கள் வேண்டாம், மேலாளர் ஸ்பார்க்கி ஆண்டர்சன் மட்டும் வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். இந்த எல்லையை எழுதி வைக்காவிட்டால் பட்டியல் வளர்ந்துகொண்டே போகும். வர்ணனையாளர் எர்னி ஹார்வெல் இல்லாமல் என்ன 1984 என்று மனசு கேட்கும். கேட்கத்தான் செய்தது.

அடுத்தது, எதில் வாங்குவது. ஒரே பந்தில் எல்லோருடைய கையெழுத்தும் இருந்தால் பார்க்க அழகுதான். ஆனால் இப்போது புதிதாக ஆரம்பிப்பவரால் அது முடியாது. இறந்தவர்களின் கையெழுத்து ஏற்கனவே இருக்கிற பழைய பந்து கிடைத்தால்தான் உண்டு. அப்படியே கிடைத்தாலும் அதை ஊர் ஊராக அனுப்ப வேண்டும், எங்கேயாவது ஒரு இடத்தில் தொலைந்தால் எல்லாம் போச்சு. ஆளுக்கு ஒரு பந்து என்றால் செலவும் இடமும் தாங்காது. அதனால் ஆளுக்கு ஒரு பேஸ்பால் அட்டை (ஆட்டக்காரரின் படம் அச்சிட்டு விற்பது), அட்டை வராத சில்லறை ஆட்டக்காரர்களுக்கு மூன்றுக்கு ஐந்து அங்குல வெள்ளை அட்டை என்று முடிவு செய்தேன். டாப்ஸ் நிறுவனம் அந்தக் காலத்தில் வெளியிட்ட அட்டைகளில் பெரும்பாலானவை சில்லறைக் காசுக்குக் கிடைக்கும், அஞ்சலில் அனுப்பவும் சுலபம். இந்த ஒரு முடிவு எனக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்த பணம் கொஞ்சநஞ்சமல்ல.

சரி, லோபஸ் விஷயத்துக்கு வருகிறேன். மெக்சிகோக்காரர், ரசிகர்கள் வைத்த பட்டப்பெயர் சென்யோர் ஸ்மோக். 1984இல் பந்துவீச்சாளராக அவர் கணக்கில் பத்து வெற்றி, ஒரே தோல்வி. உலகத் தொடரை முடித்து வைத்த ஐந்தாவது ஆட்டத்தில் வெற்றி அவர் கணக்கில்தான் ஏறியது. ஓய்வுக்குப் பிறகு சொந்த ஊரான தெகமசால்கோவில் நகரத் தலைவராகவும் இருந்தார். 1992இல் மெக்சிகோவில் நடந்த கார் விபத்தில் இறந்தபோது வயது 44. பழைய ஆட்டக்காரர்களை உட்கார வைத்துக் காசுக்குக் கையெழுத்து போட வைக்கும் வியாபாரம் பெரிதாக வளர்ந்த காலத்தில் அவர் இல்லை. அதனால் சந்தையில் இருப்பது அவர் ஆடிய காலத்தில் ரசிகர்கள் கைநீட்டி வாங்கியது மட்டும்தான். மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் மாற்று கேட்சர் டுவைட் லவ்ரி கதையும் இப்படித்தான். 1997இல் 39 வயதில், ஒரு சிறு லீக் அணிக்கு மேலாளராக இருந்தபோதே இறந்துபோனார். பெரிய நட்சத்திரமும் இல்லை என்பதால் அவரிடம் வாங்கியவர்களே குறைவு. டொரன்டோவுக்கு எதிரான ஆட்டத்தில் ஒரே முறை மட்டை பிடித்து நின்று பதின்மூன்றாவது பந்தில் ஹோம் ரன் அடித்த டேவ் பெர்க்மன் 2015இல் போனார். ஸ்பார்க்கி 2010இலேயே போய்விட்டார், ஆனால் அவர் வாழ்நாள் முழுக்கக் கையெழுத்து போட்டுத் தள்ளியவர், விலை பயமுறுத்தாது.

ஆக, பட்டியலைக் கீழிருந்து மேலே படியுங்கள். உயிரோடு இருக்கும் நட்சத்திரம் எங்கேயும் போய்விட மாட்டார், அடுத்த மாதம் ஏதாவது ஒரு கண்காட்சிக்கு வருவார். இளம் வயதில் இறந்த மூன்றாம் வரிசை ஆட்டக்காரரின் நல்ல கையெழுத்து விற்பனைக்கு வந்தால், வேறு எதையும் ஒத்திப்போட்டு அதை வாங்குங்கள். அடுத்தது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. கடினமானவை கிடைக்கவே கிடைக்காது என்று தெரிந்தால், சுலபமானவற்றில் பணம் போடுவதற்கு முன்பே திட்டத்தை மாற்றிக்கொள்ளவும் வசதி.

லோபஸ் விஷயத்தில் நான் ஏமாற்றப்பட்டேன். இணையத்தில் ஒரு விற்பனையாளர் அவர் கையெழுத்திட்ட வண்ணப்படம் ஒன்றைப் போட்டிருந்தார். கூடவே தங்க முத்திரை ஒட்டிய உத்தரவாதச் சான்றிதழ். இருநூறு டாலருக்குக் கொஞ்சம் கீழே. பெயரின் வளைவுகள் நான் பார்த்த மாதிரிகளோடு ஒத்துப்போயின, வாங்கினேன். சில மாதம் கழித்து அதே ஆள் லோபஸ் கையெழுத்திட்ட பந்து ஒன்றை விற்பனைக்கு வைத்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பந்தில் அச்சாகியிருந்த பெயர் பட் செலிக். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. 1984இல் டைகர்ஸ் ஆடிய அமெரிக்க லீக்கின் பந்துகளில் இருந்தது லீக் தலைவர் பாபி பிரவுனின் பெயர். கமிஷனர் செலிக்கின் பெயரோடு இரண்டு லீக்குக்கும் பொதுவான பந்து வந்தது 2000இல்தான். எட்டு வருடம் முன்பு செத்துப்போன மனிதர் எப்படி அந்தப் பந்தில் கையெழுத்து போட்டிருப்பார்? உடனே என் படத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். போலி என்று திரும்பி வந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்கும் கெடு எப்போதோ முடிந்திருந்தது. பரிசோதனைக் கட்டணம், போக வர அஞ்சல் செலவு எல்லாம் அதன் தலையில் கூடுதல் சுமை. அந்த ஆளுக்கு எழுதினேன், "எங்கள் சான்றிதழ்தான் உத்தரவாதம்" என்று ஒரு வரி பதில் வந்தது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பணத்தைவிட, அந்தப் படத்தைச் சகாவிடம் பெருமையாகக் காட்டியதுதான் அதிகமாக உறுத்தியது.

விற்கிறவரே அச்சடித்துத் தரும் சான்றிதழ், அது அச்சான தாளின் விலைகூடப் பெறாது. பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ, பெக்கெட் போன்ற மூன்றாம் தரப்பு நிறுவனங்களின் சான்று இருந்தால், அதிலுள்ள எண்ணை அவர்களுடைய தளத்தில் போட்டு, வருகிற விவரம் கையில் இருக்கும் பொருளோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். அதுவும்கூட ஒரு நிபுணரின் கருத்துதான். கையெழுத்து போடுவதை யாராவது பார்த்தார்கள் என்ற சாட்சி வேறு விஷயம். எஃப்பிஐ ஆபரேஷன் புல்பென் என்ற பெயரில் போலிக் கும்பல்களைப் பிடித்த பிறகு, 2001இல் மேஜர் லீக் பேஸ்பால் தன் சொந்தச் சான்றளிப்பு முறையைத் தொடங்கியது. அதில் அவர்கள் ஆள் நேரில் நின்று பார்த்தால்தான் எண்ணிட்ட ஹோலோகிராம் ஒட்டுவார். நல்ல ஏற்பாடு. ஆனால் 1992இல் இறந்தவருக்கு அதனால் என்ன பயன்? பழையவற்றுக்குக் கண்தான் துணை. பொருளின் வயதைப் பாருங்கள், பந்து எப்போது தயாரானது, படம் எப்போது அச்சானது, அந்தப் பேனா மை அப்போது இருந்ததா என்று பாருங்கள். கையெழுத்து நிதானமாக வரைந்ததுபோல் இருக்கிறதா, ஓட்டத்தில் போட்டதுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். உண்மையான ஆட்டக்காரர் ஆயிரக்கணக்கில் போட்டவர், யோசித்து யோசித்துப் போட மாட்டார்.

"மொத்த அணியும் கையெழுத்திட்ட பந்து" என்று வருபவற்றில் இன்னும் இரண்டு கண்ணிகள். ஒன்று, மைதானக் கடைகளில் நினைவுப் பொருளாக விற்ற, கையெழுத்துகளை அச்சடித்த பந்து. பூதக்கண்ணாடியில் பார்த்தால் எல்லாம் ஒரே நிறம், ஒரே அழுத்தம், பேனா தோலில் பதிந்த பள்ளமே இருக்காது. இன்னொன்று, உடை மாற்றும் அறைப் பையன்கள் நட்சத்திரங்களுக்குப் பதிலாகப் போட்டுக் கொடுத்தது. பந்து நிஜம், வருடம் நிஜம், பெரிய பெயர்கள் மட்டும் பொய்.

இறந்தவர்களைத் தவிர மற்றவர்களில் பெரும்பாதியை அஞ்சல் வழியாகத்தான் பிடித்தேன். நம்மூர்ப் பத்திரிகைக்குக் கதை அனுப்பும்போது வைப்போமே, சுயவிலாசமிட்ட, தபால்தலை ஒட்டிய உறை, அதேதான் இங்கும். அட்டை வளையாமலிருக்க ஒரு கெட்டி அட்டை, கையால் எழுதிய கடிதம், அட்டை ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ஃபாரெவர் தபால்தலை ஒட்டுங்கள். பதில் ஒரு வாரத்திலும் வரலாம், இரண்டு வருடம் கழித்தும் வரலாம், இடையில் கட்டணம் ஏறினாலும் அந்தத் தலை செல்லும். கெட்டியான உறைக்குக் கூடுதல் கட்டணம் உண்டு, அதையும் சேர்த்து ஒட்டுங்கள். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. "நான் உங்கள் பரம ரசிகன்" என்பது எல்லோரும் எழுதுவது. அவர் செய்த ஒரு குறிப்பிட்ட காரியத்தை எழுதுங்கள். ரஸ்டி குன்ட்ஸ் என்றால் ஐந்தாவது ஆட்டத்தில் அவர் அடித்த குட்டையான உயரப் பந்தும், அதில் கிப்சன் ஓடி வந்து எடுத்த ரன்னும். இப்படி எழுதிய கடிதங்களுக்கு வந்த பதில்களே தனி. அந்த வருடம் சில ஆட்டங்களே ஆடிய ஒருவர் என் கடிதத்தின் பின்பக்கம் முழுக்க எழுதி அனுப்பியிருந்தார், தன்னை இன்னும் ஒருவர் நினைத்துக்கொள்கிறார் பார் என்று என் கடிதத்தை மனைவியிடம் காட்டினாராம். நட்சத்திரங்களிடமிருந்து இப்படி ஒன்றும் வராது.

உங்கள் பெயரையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். விற்கிற ஆள் இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும், முகம் சுளிக்காமல் போட்டுத் தருவார்கள். மறுவிற்பனையில் விலை குறையும், அது வேறு. என் முழுப்பெயரை எழுதச் சொன்னால் அவர் கையெழுத்துக்கு அட்டையில் இடமிருக்காது என்பதால் அலுவலகத்தில் கூப்பிடும் நான்கெழுத்துச் சுருக்கத்தைக் கொடுத்தேன்.

தொலைந்தவையும் உண்டு. மூன்று பேர் ஏற்கனவே கையெழுத்திட்ட பெரிய குழுப்படம் ஒன்றை நான்காமவருக்கு அனுப்பினேன், இன்றுவரை திரும்பவில்லை. போனது எங்கே என்று கண்டுபிடிக்க வழியில்லை, படமும் அதிலிருந்த கையெழுத்துகளும் சேர்த்து நூறு டாலருக்கு மேல் நஷ்டம். திரும்பக் கிடைக்காத எதையும் அஞ்சலில் போடாதீர்கள். யாருக்கு, எந்தத் தேதியில், என்ன அனுப்பினோம் என்று ஒரு நோட்டும் போட்டு வையுங்கள். என் மனைவி ஒரு கட்டத்தில் "என்னங்க, தபால்காரருக்கே நம்ம மேல சந்தேகம் வந்துடும்போல" என்றாள்.

அஞ்சலில் அசையாதவர்களுக்காக மார்ச் மாதம் ஃபுளோரிடா போனேன். டைகர்ஸ் 1934இலிருந்து வசந்தகாலப் பயிற்சிக்கு லேக்லாண்ட்தான் வருகிறார்கள். டாம்பாவுக்கும் ஒர்லாண்டோவுக்கும் நடுவில் இருக்கிற ஊர், எந்த விமான நிலையத்துக்கு டிக்கெட் மலிவோ அங்கே இறங்கிக் காரில் போகலாம். பழைய ஆட்டக்காரர்கள் சிலர் சிறப்புப் பயிற்றுநர்களாக வருவார்கள். ஆட்ட நேரத்தில் மைதானத்தில் தேடினால் கிடைக்க மாட்டார்கள், காலையில் பக்கத்திலுள்ள பயிற்சித் திடல்களின் வேலியோரம் நிற்க வேண்டும். விமானம், விடுதி, வாடகைக் கார் எல்லாம் ஆயிரம் டாலரைத் தாண்டிவிட்டது, கிடைத்த கையெழுத்துகளோ ஒரு கை விரலுக்குள். அதே ஆட்களின் கையெழுத்தை டெட்ராய்ட் சுற்றுவட்டாரக் கண்காட்சிகளில் சீட்டு வாங்கி, ஆளுக்குச் சில பத்து டாலரில் முடித்திருக்கலாம். குடும்பத்தோடு வெயில் காயப் போகிறீர்கள் என்றால் லேக்லாண்ட் அருமை. பட்டியலை முடிக்கப் போகிறீர்கள் என்றால் கண்காட்சி நுழைவுச்சீட்டு போதும். ஒன்று, சீட்டு வாங்கும் முன் விதிகளைப் படியுங்கள். அட்டைக்கு ஒரு விலை, பந்துக்கு ஒரு விலை, கூடவே ஒரு வரி எழுதித் தர இன்னொரு விலை. டிராமலும் மாரிஸும் 2018இல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போன பிறகு HOF என்ற மூன்றெழுத்துச் சுருக்கத்தையும் வருடத்தையும் சேர்த்து எழுத வைப்பது தனி வியாபாரமாகிவிட்டது.

பேனா சின்ன விஷயம் மாதிரி தெரியும், இல்லை. பந்தின் தோலுக்கு நீல பால்பாயின்ட் பேனாதான். ஷார்ப்பி என்ற மார்க்கர் பேனாவின் மை காலப்போக்கில் தோலில் ஊறிப் பரவும். அட்டைக்கும் படத்துக்கும் ஷார்ப்பி. வழவழப்பான அட்டையில் மை நிற்காமல் முத்து முத்தாகத் திரளும், அனுப்பும் முன் மேலே மெதுவாக அழிரப்பரால் தேய்த்துக் கொடுத்தால் பிடித்துக்கொள்ளும். வாங்கிய பிறகு வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். நீல மை வெளுத்துவிட்டால் எந்த நிபுணராலும் மீட்க முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சங்கடமான விஷயம். அந்த அணியினர் இப்போது வயதானவர்கள். 1984இல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி, சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் இரண்டு விருதையும் வாங்கிய வில்லி ஹெர்னாண்டஸ் 2023 நவம்பரில் இறந்தார். பின்னாளில் அவர் கியெர்மோ என்ற தன் பெயரையே பயன்படுத்தினார், கையெழுத்திலும் அந்த மாற்றம் தெரியும் என்பதால் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கிப்சன் தனக்குப் பார்க்கின்சன் நோய் என்று 2015இல் அறிவித்தார். சென்டர் ஃபீல்டில் நின்ற செட் லெமன் பல முறை பக்கவாதம் தாக்கிப் பேச்சை இழந்திருந்தார், 2025 மே மாதம் போய்விட்டார். நோயில் கிடப்பவர் வீட்டு முகவரிக்கு உறை அனுப்புவது எனக்கு ஒப்பவில்லை. அப்படிப்பட்டவர்களுடையதை மற்ற சேகரிப்பாளர்களிடம் காசு கொடுத்து வாங்கிக்கொண்டேன். இன்னொருவர் காத்திருந்து வாங்கியதற்கு விலை கொடுப்பதில் தப்பில்லை.

அசல் லோபஸ் கடைசியில் ஒரு சேகரிப்பாளரிடமிருந்து வந்தது. அவர் சிறுவனாக இருந்தபோது மிச்சிகன் சாலையும் டிரம்புல் தெருவும் சந்திக்கும் பழைய டைகர் ஸ்டேடியத்தின் வாகன நிறுத்துமிடத்தில் வாங்கியதாம். பரிசோதனையில் தேறியது. போலிக்குக் கொடுத்ததைவிட அதிகம் கொடுத்தேன். இப்போது இரண்டே பேர் பாக்கி, இருவருமே உயிரோடு இருப்பவர்கள், அதனால் அவசரமில்லை.

போன மாதம் ஒரு கடையில் முழுத் தொகுப்புக்கும் என்ன தருவீர்கள் என்று சும்மா விசாரித்தேன். கடைக்காரர் அட்டைகளைப் புரட்டி, லோபஸையும் லவ்ரியையும் தனியே எடுத்து வைத்தார். "இந்த ரெண்டுக்கும் நல்ல விலை தர்றேன். மத்ததெல்லாம் சேர்த்து" என்று அவர் சொன்ன தொகை, ஃபுளோரிடா விமான டிக்கெட்டுக்குக்கூடக் காணாது.